திருக்கைகளுக்குப் பின்னால் வரிசை நின்றவர்கள்

வாடைக்காற்று ஓய்ந்து மாசி பிறந்தால் செபஸ்தியார்துறைக் கடல் தெளிந்துவிடும். வள்ளத்திலிருந்து குனிந்து பார்த்தாலே, அடிமணலில் கிடக்கும் சங்கு எந்தப் பக்கம் வாய் வைத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தத் தெளிவைத் தேடித்தான் ஒவ்வொரு வருடமும் விருந்தாளிகள் வருவார்கள். முதலில் குடைகுடையாகச் சொறி என்னும் ஜெல்லிமீன்கள் வரும், அவற்றைத் தின்ன ஆமைகள் வரும், பாசி தடித்த ஒரு நாளில் திறந்த வாயை மூடாமலே புள்ளிச்சுறா வரும், எல்லாருக்கும் பின்னால், திருவிழா முடிந்து திரும்பும் யானைகளைப் போல அவசரமில்லாமல் ஆனைத்திருக்கைகள் வரும். வந்தவை வேறெங்கும் போகாமல் நேரே சவரப்பாருக்குப் போகும். கரையிலிருந்து வள்ளத்தில் அரைமணி ஓட்டத்தில், கடலுக்கடியில் கிடக்கும் பவளக்கல் மேடுதான் சவரப்பார். அங்கே விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட குஞ்சுமீன்கள் குடியிருந்தன. பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் பேனையும் செத்த தோலையும் புண்ணின் அழுகலையும் கொத்தித் தின்பதுதான் அவற்றின் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை சலூன் பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பதைப் போல, வீட்டுக்கூரை அகலத்துக்குச் சிறகு விரித்த திருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து, தத்தம் முறை வந்ததும் அசையாமல் மிதந்து, உடம்பைக் கொடுத்து, லேசாகிப் போகும்.

அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஊரில் ஒரு டைவிங் சென்டர் இருந்தது. முன்பு சங்கு குளித்துக்கொண்டிருந்த கஸ்பார் இப்போது அதில் வேலை பார்த்தான். வந்தவர்களுக்கு முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் மாட்டி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போய், பாருக்குப் பக்கத்து மணலில் முட்டிபோட வைத்து, திருக்கைகளைக் காட்டி, மறுபடியும் மேலே கூட்டி வருவான்.

அந்த மாசியில் குஞ்சுமீன்கள் மனிதர்களையும் சுத்தம் செய்யத் தொடங்கின.

முதலில் அகப்பட்டவர் விருதுநகரிலிருந்து வந்த ஒரு மளிகைக்கடைக்காரர். மனைவியைப் பறிகொடுத்துச் சோர்ந்து கிடந்தவரை ஒரு நண்பர் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார். மணலில் முட்டிபோட்டு இருந்தவரை நோக்கி, ஒரு திருக்கையின் செவுளை விட்டுவிட்டு மீன்கள் கூட்டமாக வந்தன. நெற்றிப்பொட்டிலும் காதுக்குப் பின்னும் பிடரியிலும் முத்து முத்தாகக் கொத்தின. அவர் அசையவில்லை. மேலே வந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் தலையைத் துவட்டியபடி ஒரு பாட்டை முணுமுணுத்தார், பசிக்கிறது என்றார்.

"மதினி போன பிறகு நீ சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் நண்பர்.

"எந்த மதினி?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

அவர் நடிக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. வள்ளம் ஓட்டிய ரெமிஜியுஸ் இன்ஜினை நிறுத்திவிட்டான். கஸ்பார் திருக்கைகள் கிடக்கும் திசையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர் அதை அதிசயமென்று சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. கடல் தருவதை வாங்கிக்கொள்வதும், எடுப்பதைக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பதுமாகப் பழகிய ஊர் அது. இப்போது எடுத்தும் தருகிறது என்றால் அதற்கும் ஒரு வழி செய்யத்தானே வேண்டும். நீச்சல் தெரியாதவர்களை இறக்கக் கயிறு கட்டினார்கள், சேலையோடு இறங்கும் பெண்களுக்குக் கால்பக்கம் சேர்த்துத் தைத்துக் கொடுக்கத் தையல்காரர் கடற்கரைக்கே மெஷினைக் கொண்டு வந்து போட்டார், வயதானவர்களுக்குத் திருக்கைகளே வழிவிட்டு ஒதுங்கின என்றும் சொன்னார்கள். புருஷனை இழந்த ஒருத்தி பாருக்குப் போய் வந்த மறுநாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சந்தைக்கு வந்தாள், ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்டுப்பட்டுச் செத்த தம்பியின் பேரால் ஒரு தலைமுறையாகப் பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள், தம்பியையே மறந்துபோனதால் வேறு காரணம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், ஈஸ்டர் பாஸ்குத் திருநாளன்று ஒரே பந்தியில் உட்கார்ந்து கறி சாப்பிட்டன. ஊரில் புது வழக்கங்கள் வந்தன. முகம் தெளிந்திருப்பவரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக்கூடாது. பாருக்குப் போனவர் திரும்பி வருமுன் சுவரில் மாலை போட்ட படங்களை வீட்டார் கழற்றிவிட வேண்டும். தெருவில் ஒருவர் காரணமில்லாமல் நின்று, எங்கே போகக் கிளம்பினோம் என்று யோசித்தால், அவரைக் கல்லறைத் தோட்டப் பக்கம் போக விடாமல் டீக்கடைப் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

கஸ்பாருக்கும் அவன் மனைவி சலேத்துக்கும் அமலி என்றொரு பெண் இருந்தாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், ஊருக்கு வடக்கே காயல் மணலை உடைத்துக் கடலில் சேரும் பொழிமுகத்தில் குளிக்கப் போய், இழுப்பில் சிக்கி இறந்துபோனாள். எட்டு வயது. முங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கஸ்பார்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல், மெதுவாக, நோயாளி இருக்கும் வீட்டில் நடப்பதைப் போல நடந்து வந்தார்கள்.

"சலேத்து, நாம ரெண்டு பேரும் சேர்ந்து போவோமா?" என்று கஸ்பார் ஒரு நாள் கேட்டான்.

சலேத் அரிந்துகொண்டிருந்த மீனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு அவ இருந்ததுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த வலிதான். அதையும் மீனுக்குப் போடவா?"

"நீ வரலேன்னா நானும் போகல" என்றான். அப்படியே ஒரு மாதம், தினமும் மற்றவர்களைக் கூட்டிப் போய், அவர்கள் லேசாகிப் போவதைப் பார்த்துவிட்டு, தன் பாரத்தோடு தான் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம். சோறு சாப்பிட வந்தவன் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, ஆணியில் தொங்கிய நீலத் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது யாரு வீட்டுப் பிள்ளை பாட்டிலு? விட்டுட்டுப் போயிருச்சா?"

சலேத் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாகப் புருவங்களுக்கு நடுவில் கிடந்த கோடு அங்கே இல்லை. கல்யாணத்தன்று பார்த்த முகம் அது.

"பாருக்குப் போனீங்களா?"

"தினம் போறதுதானே."

"மீனுகிட்ட?"

"என்னட்டி கேக்க?" என்று சிரித்தான்.

அவள் அவனை உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தாள். அமலி என்ற பெயரைச் சொன்னாள். பிரசவ ஆஸ்பத்திரியில் அவன் விடியும்வரை வராண்டாவில் நின்றதைச் சொன்னாள், அமலி ழகரத்தைச் சொல்லத் தெரியாமல் பயத்தையும் பழத்தையும் ஒன்றாகச் சொன்னதைச் சொன்னாள், பொழிமுகத்தைச் சொன்னாள், அவன் முங்கியதைச் சொன்னாள். கஸ்பார் கன்னத்தில் கை வைத்து நன்றாகக் கேட்டான். முடிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"அய்யோ பாவமே" என்றான். "அதைப் பெத்தவ எப்படித்தான் தாங்குனாளோ."

சலேத் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவன் கோபப்படவில்லை, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டான்.

சாயங்காலம் அவள் கடற்கரையில் ரெமிஜியுஸைத் தேடிப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அவரு தானாப் போயி முட்டிபோடலக்கா. யாரோ ஒரு அம்மாவுக்கு மாஸ்க்கைச் சரிபண்ணக் குனிஞ்சாரு, மீனெல்லாம் அவருகிட்ட வந்துட்டு. நானும் அன்னைக்குக் கீழ இறங்கியிருந்தேன். முதல்ல கையால தள்ளிவிட்டாரு."

"பொறவு?"

"பொறவு தள்ளல."

அதன்பின் சலேத்துக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. மீனிடம் கோபப்பட முடியாது. கஸ்பாரிடமும் முடியவில்லை, அவன் முன்பைவிட அன்பாக இருந்தான், கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான், ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினான். அவன் தூங்கும்போது அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாக இருக்கும் ஒருவனை எழுப்பி, உனக்கு ஒரு துக்கம் இருந்தது என்று மறுபடியும் சொல்வது எப்படிச் சரியாகும் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். 

அடுத்த வீட்டு மிக்கேலம்மா ஒரு நாள் தன் மூத்த மகன் லியோனின் படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். புயலில் வள்ளத்தோடு காணாமற்போன பையன்.

"இதை நீ வச்சுக்கோ. நாளைக்கு எனக்கு இவன் யாருன்னு தெரியாது. தெரியாத பையன் படத்தை வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? குப்பையில போட்டுருவேன்."

"அப்ப ஏன் மைனி போறீங்க?"

"சோறு இறங்கலட்டி. கையை வச்சா அவன் பசியோட கிடக்கானோன்னு தோணுது. ஒரு நேரம், ஒரே ஒரு நேரம், வயிறாரச் சாப்பிடணும் எனக்கு."

சலேத் படத்தை வாங்கிக்கொண்டாள். "அவனைப் பத்திச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

மிக்கேலம்மா மத்தியானம் முழுக்கச் சொன்னாள். மறுநாள் பாருக்குப் போய் வந்து, ரெண்டாம் தட்டும் வாங்கிச் சாப்பிட்டாள். செய்தி தெருத்தெருவாகப் பரவி, பாருக்குப் போகுமுன் சலேத்திடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. வந்தவர்கள் படத்தைக் கொடுத்தார்கள், படமில்லாதவர்கள் வாயால் கொடுத்தார்கள். வாய்க்குள் பாக்கை ஒதுக்கிக்கொண்டு பேசும் அப்பாவை, திக்குவாய் அக்காவை, பெயர் வைக்குமுன் போன பிள்ளையை, எல்லாரையும் சலேத் வாங்கிக்கொண்டாள். சோறு வடிக்கையில் யாருடைய மகனுக்குக் கருவாட்டு வாசனை ஆகாது என்பது நினைவு வரும், துணி துவைக்கையில் யாரோ ஒருத்தியின் தாலாட்டு வாயில் வரும். நடக்கும்போது சுமை தூக்கியவளைப் போல மூச்சு வாங்கினாள். சவரப்பாரில் திருக்கைகளின் முதுகு வரவரக் கறுத்துக்கொண்டே வருவதாகவும், கொழுத்துப்போன நீலமீன்கள் கல்லிடுக்கில் நுழைய முடியாமல் வெளியே மிதப்பதாகவும் கஸ்பார் வந்து சொன்னான்.

வைகாசி முடிய, கச்சான் காற்று வீசிக் கடல் கலங்கியது. ஆனைத்திருக்கைகள் போய்விட்டன. ஊர் லேசான உடம்போடு ஆடி, ஆவணியைக் கடந்தது, சிரிப்பும் சம்பந்தப் பேச்சுமாக. ஐப்பசியில் மழை வந்தது. கார்த்திகைக்கு முன்னால் வரும் கல்லறைத் திருநாளுக்கு ஆலயத்தில் பூசைக்குப் பெயர் கொடுக்க ஓர் ஆள்கூட வரவில்லை. பங்குச்சாமி சலேத்தைக் கூப்பிட்டனுப்பினார். மாசி மாதமெல்லாம் துக்கமும் ஆண்டவர் கொடுத்ததே என்று பிரசங்கம் வைத்தவர். சித்திரையில் அவரே ஒரு நாள் கயிறு பிடித்து இறங்கினதை ஊர் பார்த்தது.

"யாரையும் நினைச்சுக்கிடாம எப்படிம்மா பூசை வைக்கது? உனக்குத் தெரிஞ்ச பேரச் சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றாள். அது சாமியாருடைய அம்மாவின் பெயர். அவர் தலையசைத்து, "ம், மேல சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலம் கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில், வழக்கமாக ஊரே கூடி மெழுகுவர்த்தி கொளுத்தும் இடத்தில், சலேத் மட்டும் குனிந்தும் நிமிர்ந்தும் ஒவ்வொரு குழிக்கும் திரி வைத்தாள். கஸ்பார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான், மனைவியின் நேர்ச்சைக்குத் துணை போகும் நல்ல புருஷனாக. சின்னக் குழி ஒன்றின் முன்னால் அவள் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டபோது, காற்றில் திரி அணையாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றான்.

அதற்குச் சில நாள் கழித்து மழை வெறித்து வெயில் அடித்தது. காயல் நிரம்பி, மணல்திட்டை உடைத்துக்கொண்டு பொழி திறந்திருந்தது. சலேத் கிணற்றடியில் இருந்தபோது வடக்கேயிருந்து பிள்ளைகள் கூவிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். அமலி போன பிறகு ஒவ்வொரு மழைக்கும் கஸ்பார்தான் பொழிமுகத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவான். இந்த மழைக்கு அவன் கட்டவில்லை. கட்ட வேண்டுமென்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஊர் முழுவதையும் நினைவில் வைத்திருந்த தனக்கு இது ஒன்று தோன்றாமற் போயிற்றே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டே ஓடினாள்.

பொழிமுகத்தில் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார் கரையில் துணி அலசிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் முன்பு பிள்ளையைப் பறிகொடுத்திருந்த மூன்று பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

"ஏன்க்கா கத்துறீங்க? முழங்கால் தண்ணிதானே" என்றாள் ஒருத்தி.

"இங்க பிள்ளைக செத்திருக்குட்டி! உன் பிள்ளையே இங்கதான்..." என்று சொல்ல வந்து, அவளுடைய தெளிந்த முகத்தைப் பார்த்து, சலேத் பாதியில் விட்டுவிட்டு, பிள்ளைகளைப் பிடித்து இழுக்க ஓடினாள்.

அதற்குள், கரையில் இருந்த மிக்கேலம்மாவின் பேரன் ஜோவினைக் காணவில்லை. இப்போது இருந்தான், இப்போது இல்லை. பழுப்புத் தண்ணீர் ஒரு சுழி போட்டுக் கடல் பக்கம் ஓடியது. பெண்கள் எழுந்து நின்றார்களே தவிர, அலறவில்லை. எதற்கு அலறவேண்டும் என்பது அவர்களுக்கு மறந்திருந்தது. சத்தம் கேட்டு வந்த கஸ்பார் சட்டையோடு பாய்ந்தான்.

கரை ஓரமாகப் பிள்ளைகளை இழுத்து நிறுத்திக்கொண்டு சலேத் தண்ணீரையே பார்த்தாள். இந்த இடத்தில் இப்படி நின்று கஸ்பாரின் இதே தலை மேலே வருவதற்காக அவள் முன்பும் காத்திருந்திருக்கிறாள். தலை வந்தது. தோளில் பையன் கிடந்தான். மணலில் கவிழ்த்து முதுகில் அடித்ததும் தண்ணீரைக் கக்கி, இருமி, வீறிட்டு அழுதான். மிக்கேலம்மா அவனை அள்ளிக்கொண்டாள்.

கஸ்பார் கரையில் நிற்கவில்லை. திரும்பித் தண்ணீருக்குள் போனான்.

"எங்க போறீங்க? பையன் பிழைச்சுட்டான்!"

"இன்னொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு முங்கினான்.

எல்லாரும் பிள்ளைகளைத் தலை தொட்டுப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கரையில் இருந்தார்கள். கஸ்பார் மேலே வந்து காற்றை இழுத்தான். "இன்னொரு பிள்ளை கீழ கிடக்கு" என்றான், மறுபடியும் போனான். சுழியிலும் திட்டின் ஓரத்திலும் பாறைக்கு அடியிலும் கையால் துழாவித் துழாவி வெறும் மணலை அள்ளிக்கொண்டு வந்தான். உதடு நீலம் பூத்துவிட்டது, கால்கள் இழுப்பில் தடுமாறின, கூப்பிட்டவர்கள் குரல் அவன் காதில் ஏறவில்லை. யாரைத் தேடுகிறான் என்று அவனுக்குத் தெரியாது. தேடவேண்டும் என்று மட்டும் அவன் கைகளுக்குத் தெரிந்திருந்தது. மீன்கள் நெற்றியில் கொத்தின, பிடரியில் கொத்தின, கைகளை விட்டுவிட்டன.

சலேத் இடுப்புத் தண்ணீர் வரை இறங்கினாள். அவன் அடுத்த முறை மேலே வந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திமிறினான்.

"விடு சலேத்து, சின்னப் பிள்ளை, பொம்பளப் பிள்ளை, மூச்சு முட்டும் அதுக்கு..."

"அவ அங்க இல்ல. வாங்க."

"யாரு இல்ல?"

"நம்ம பிள்ளை. அமலி."

அவன் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தான். வாய்க்குப் பழக்கமில்லாத பெயரைச் சொல்வதைப் போலத்தான் சொன்னான். ஆனால் உடம்பு அவனைக் கேளாமலே நடுங்கத் தொடங்கியது. அவள் அவனைக் கரைக்குக் கொண்டு வந்து மணலில் உட்கார வைத்தாள். பெண்கள் ஈரச் சேலையோடு சுற்றி நின்றார்கள். சிலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஊரை நோக்கி விரைந்து போனார்கள். சிலர் போகவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் நின்றார்கள். அழுகிற பேரனை மடியில் போட்டுக்கொண்டு மிக்கேலம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கஸ்பார் தன் கைகளை விரித்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "நான் அவளைத் தூக்கும்போது உசிரு இருந்துச்சா?"

இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் ஒரு முறையும் கேட்காத கேள்வி அது. கேட்கப் பயந்துதான் மீனுக்கு நெற்றியைக் கொடுத்தான் போலும். சலேத் சுற்றிலும் பார்த்தாள். அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் இன்றைக்கும் இருந்தார்கள். பாருக்குப் போய் வந்தவர்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை. அவள் எதைச் சொன்னாலும் அதுதான் நடந்ததாக இருக்கும். இருந்துச்சு, அவ உங்களைப் பார்த்தா, அப்பான்னு கூப்பிட்டா, பொறவுதான் போனா என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? 

"இல்ல" என்றாள் சலேத். "இல்லங்க. நீங்க தூக்கும்போதே போயிட்டா."

கஸ்பார் முகத்தை அவள் ஈர மடியில் புதைத்துக்கொண்டு, யார் என்று முகம் தெரியாத தன் மகளுக்காக, முதல் முறை அழுவதைப் போல அழுதான். சலேத் அவன் பிடரியில் கையை வைத்தாள். பொழி மணலை அரித்து அரித்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது.